தையல் தெரியாத பின்னணி: பாய், ஓலை, மணல், கோலம் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

வெப் டிசைன் படிக்கிற மாணவர்கள், சொந்தக் கடைக்குத் தாங்களே தளம் கட்டுகிறவர்கள், கல்யாணப் பத்திரிகையை இணையத்தில் போட நினைக்கிறவர்கள் என்று பலரும் இணையப் பக்கத்தின் பின்னணிப் படம் பற்றிக் கேட்கிற கேள்விகள் இவை. பதில்களில் வரும் உதாரணங்கள் எல்லாம் நெல்லைச் சீமையிலிருந்து எடுத்தவை. 1986இல் தூத்துக்குடியும் 2019இல் தென்காசியும் தனி மாவட்டமாகப் பிரிந்துவிட்டாலும், பாய்க்கும் மணலுக்கும் அந்த எல்லை தெரியாது. யாரோ எடுத்து, உலகமே போட்டுச் சலித்த மரப்பலகைப் படத்தை ஏன் நாமும் போட வேண்டும்? நம் காலடியிலும் சுவரிலும் இருப்பதே போதும் என்பது என் உறுதியான எண்ணம்.

சீம்லெஸ் பேட்டர்ன் என்றால் என்ன?

சின்னச் செவ்வகப் படம் ஒன்று. அதையே பக்கவாட்டிலும் கீழேயும் அடுக்கிக்கொண்டே போனால் எங்கே ஒன்று முடிந்து எங்கே அடுத்தது தொடங்குகிறது என்று கண்ணுக்குத் தெரியக் கூடாது. வலது ஓரம் இடது ஓரத்தோடும், மேல் ஓரம் கீழ் ஓரத்தோடும் ஒட்ட வேண்டும். அந்த ஒரு துண்டுக்கு டைல் என்றும், இரண்டு துண்டு சேரும் கோட்டுக்குத் தையல் என்றும் பெயர். அடுக்குகிற வேலையை பிரவுசர் பார்த்துக்கொள்ளும். பின்னணிப் படம் கொடுத்துவிட்டு வேறு எதுவும் சொல்லாமல் விட்டால், பக்கத்தின் தோற்றத்தை எழுதும் மொழியான சி.எஸ்.எஸ். அதை இரண்டு திசையிலும் திரும்பத் திரும்பத்தான் போடும்.

பழைய உத்திதான். 1995இல் வந்த நெட்ஸ்கேப் 1.1 பிரவுசரிலேயே பக்கத்துக்குப் பின்னணிப் படம் வைக்க வழி இருந்தது. மோடம் வழியாக மெல்ல மெல்லப் படம் இறங்கிய காலத்தில், சில கிலோபைட்டில் திரை முழுவதையும் நிரப்ப முடிந்தது பெரிய காரியம்.

இப்போதுதான் நெட் வேகமாக இருக்கிறதே, பெரிய போட்டோ ஒன்றையே போட்டால் என்ன?

போடலாம். ஆனால் கணக்கைப் பாருங்கள். படம் ஃபைலாக எவ்வளவு சிறியதாக இருந்தாலும், திரையில் காட்டும்போது ஒவ்வொரு பிக்சலுக்கும் நான்கு பைட் நினைவகம் பிடிக்கும். 512க்கு 512 டைல் ஒரு எம்.பி.யில் அடங்கும். 3000க்கு 2000 போட்டோ என்றால் 24 எம்.பி. விலை குறைந்த போனில் அந்த வித்தியாசம் விரலுக்கே தெரியும். பக்கம் தள்ளும்போது இழுக்கும். மலையடிவாரத்தில் சிக்னல் மெலிகிற ஊர்களில் படம் வந்துசேரவே நேரமாகும்.

எந்தப் படம் போட்டாலும் அதன் சராசரி நிறத்தைப் பின்னணி நிறமாகவும் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள். கரும்பழுப்புப் படத்தின் மேல் வெள்ளை எழுத்து வைத்திருந்து, படம் வராமல் போனால் வெள்ளை மேல் வெள்ளையாகி ஒன்றுமே தெரியாது.

எதிலிருந்து தொடங்குவது நல்லது?

பாயிலிருந்து. காரணம் சொல்கிறேன், இதைப் பிடித்துக்கொண்டால் மீதி எல்லாம் தன்னால் விளங்கும்.

பரப்புகள் இரண்டு வகை. பாய், ஓலைக் கொட்டான், கட்டம் போட்ட கைலி, ஓட்டுக்கூரை இவையெல்லாம் முறை உள்ளவை. செய்தவர் கையே ஓர் அலகைத் திரும்பத் திரும்பப் போட்டிருக்கிறது. அந்த அலகு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கண்டுபிடித்து, அங்கே சரியாக வெட்டினால் போதும். ஓரத்தை மழுப்புகிற வேலையே வராது. பனையோலைக் கொட்டானில் ஓர் ஓலை மேலே, அடுத்தது கீழே என்று மாறி மாறிப் போவதைப் பாருங்கள். அகலத்தில் இரண்டு ஓலை, உயரத்தில் இரண்டு ஓலை எடுத்தால் முறை முழுவதும் கைக்குள் வந்துவிட்டது. ஒற்றைப்படையில் வெட்டினால் ஓரத்தில் மேல் ஓலையும் மேல் ஓலையும் மோதும். அந்தத் தவறு பத்தடி தள்ளி நின்றாலும் தெரியும்.

தேரி மணல் (தூத்துக்குடிப் பக்கத்துச் செம்மணல் மேட்டு மணல்), கருங்கல், காரை பெயர்ந்த சுவர், தேய்ந்த சிவப்புச் சிமெண்டுத் தரை ஆகியவை முறை இல்லாதவை. அவற்றில் அலகு என்று ஒன்று கிடையாது. நாம்தான் உண்டாக்க வேண்டும். வேலை அதிகம், பொறுமையும் அதிகம் வேண்டும். பாயில் கை பழகிவிட்டு மணலுக்கு வாருங்கள்.

பத்தமடைப் பாயை டைலாக மாற்ற என்ன செய்ய வேண்டும்?

தாமிரபரணிக் கரைக் கோரையைப் பக்குவம் செய்து, ஊறவைத்து, மெல்லிசாகக் கிழித்து, பருத்திநூல் பாவில் கோத்து நெய்கிறார்கள். பாவு நூல் ஒரு திசை, கோரை மறு திசை. ஆகவே படத்தில் தெரிவது நெருக்கமான மெல்லிய கோடுகளும், சீரான இடைவெளியில் அவற்றைப் பிடித்திருக்கும் நூலின் வரிசையும்தான்.

பாயைச் சுருக்கமில்லாமல் தரையில் விரித்து, நேர் மேலிருந்து எடுங்கள். மிகக் கிட்டே போகாமல் சற்றுத் தள்ளி நின்று ஜூம் செய்தால் ஓரக் கோடுகள் வளையாது. கம்ப்யூட்டரில் முதல் வேலை, கோரைக் கோடு கிடைமட்டத்துக்கு இம்மி பிசகாமல் இருக்கும்படி படத்தைத் திருப்புவது. அரை டிகிரி சாய்ந்திருந்தாலும் ஒவ்வொரு டைலின் ஓரத்திலும் கோடு படி இறங்கும். பிறகு பாவு நூல்களை எண்ணிக்கொண்டு, ஒரு நூலின் நடுவில் தொடங்கி இன்னொரு நூலின் நடுவில் வெட்டுங்கள். கோரையிலும் அப்படியே.

நெசவு எவ்வளவு நயமோ அவ்வளவு தொல்லை ஒன்று உண்டு. படத்தைச் சிறிதாக்கும்போது, இல்லாத அலைகள் கோடுகோடாகத் தோன்றும். மொய்ரே என்பார்கள். கோரைக் கோடு பிக்சலைவிட நெருக்கமாகிவிட்டதால் வருவது. சிறிதாக்குவதற்கு முன்னால் மிக லேசாக பிளர் கொடுத்தால் பெரும்பாலும் அடங்கும். அடங்காவிட்டால் பாயின் சிறு பகுதியை மட்டும் எடுத்து, ஒரு கோரைக்கு மூன்று நான்கு பிக்சலாவது கிடைக்கும்படி விடுங்கள். நயமான பாயைவிட நடுத்தரமான பாய் திரையில் நன்றாக விழுவது இதனால்தான்.

போட்டோ எடுக்க எந்த வெளிச்சம் சரி?

நம் ஊர் உச்சி வெயில் ஆகவே ஆகாது. மணலின் ஒவ்வொரு குருணைக்கும் கருநிழல் விழும். சாய்ந்த மாலை வெயிலும் வேண்டாம். படத்தின் ஒரு பக்கம் வெளிச்சமாகவும் மறுபக்கம் மங்கலாகவும் இருந்தால், அடுக்கும்போது திரை முழுக்கப் பட்டை பட்டையாகத் தெரியும். ஓரம் எவ்வளவு நேர்த்தியாக ஒட்டியிருந்தாலும் அந்தப் பட்டை காட்டிக்கொடுத்துவிடும்.

மேகம் மூடிய நாள், அல்லது திண்ணை நிழல். ஆனி ஆடியில் தென்காசி, குற்றாலம் பக்கம் சாரல் விழுகிறபோது வானமே பெரிய வெள்ளைத் திரை போல இருக்கும். அந்த ஒளி கிடைத்தால் விடாதீர்கள். வெளிச்சம் ஏறி இறங்கிய படம்தான் கையில் இருக்கிறது என்றால், கிம்ப், போட்டோஷாப் என்ற படம் திருத்தும் மென்பொருள்கள் இரண்டிலும் ஹை பாஸ் என்ற ஃபில்டர் இருக்கிறது. பெரிய அளவிலான ஒளி வேறுபாட்டை நீக்கி, நுணுக்கத்தை மட்டும் நிறுத்தும்.

தேரி மணல் போன்றவற்றுக்கு ஓரத்தை எப்படி ஒட்டுவது?

ஆஃப்செட் என்ற ஒரே கருவிதான். போட்டோஷாப்பில் ஃபில்டர் மெனுவில் அதர் என்பதன் கீழ் இருக்கும். கிம்ப்பில் லேயர் மெனுவில் டிரான்ஸ்ஃபார்ம் கீழே. படத்தை அகலத்தில் பாதி, உயரத்தில் பாதி நகர்த்தச் சொல்லி, ரேப் அரவுண்ட் தேர்ந்தெடுங்கள். வெளியே போன பகுதி மறுபக்கம் வழியாக உள்ளே வரும். இப்போது ஓரங்கள் எல்லாம் தானாகவே பொருந்தியவை; பொருந்தாத தையல் நடுவில் சிலுவை போல வந்து நிற்கும். அந்தச் சிலுவையை க்ளோன், ஹீல் கருவிகளால் பக்கத்து மணலை எடுத்து அழியுங்கள். ஓரத்தைத் தொடவே கூடாது. முடித்ததும் இன்னொரு முறை ஆஃப்செட் செய்து பாருங்கள்.

க்ரிட்டா என்ற ஓவிய மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்களுக்கு இன்னும் சுலபம். டபிள்யூ விசையை அழுத்தினால் படம் முடிவில்லாமல் அடுக்கித் தெரியும், அதிலேயே வரையலாம்.

இத்தோடு முடிந்தது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். தையல் மறைந்தது பாதி வேலைதான். குதிரைமொழித் தேரியின் மணலை எடுத்திருக்கிறீர்கள். இரும்பு ஆக்சைடு பூசிய செம்மணல், நல்ல நிறம். அதில் ஒரே ஒரு வெள்ளைக் கிளிஞ்சல் துண்டு கிடந்தால்? அடுக்கிப் பார்த்தால் சிப்பாய் வரிசை மாதிரி கிளிஞ்சல் நிற்கும். கண் முதலில் அதைத்தான் பிடிக்கும். பிறகு மணலைப் பார்க்கவே பார்க்காது. டைலில் தனித்துத் தெரிகிற கல், கறை, வெடிப்பு, நிழல் எதுவாக இருந்தாலும் எடுத்துவிடுங்கள். அழகாக இருக்கிறதே என்று மனம் இழுக்கும். அந்த அழகுதான் திரும்பத் திரும்ப வந்து உறுத்தப்போகிறது.

சோதனை: ஆறுக்கு ஆறு அடுக்கி, கால் பங்கு அளவுக்குச் சுருக்கி, கண்ணை இடுக்கிப் பாருங்கள். வரிசை தெரிந்தால் டைல் இன்னும் முடியவில்லை.

கிம்ப்பில் தானாகவே ஒட்டித் தருகிற ஃபில்டர் இருக்கிறதாமே?

டைல் சீம்லெஸ் என்று இருக்கிறது. படத்தைத் தன் மேலேயே மங்கலாகப் படியவைத்துக் கலக்கும். மேகம், புகை போன்றவற்றுக்குச் சரி. பாய்க்குப் போட்டால் இரண்டு பாயை ஒன்றின் மேல் ஒன்று பேய்ப்படமாகப் பார்ப்பீர்கள்.

கோலத்தைப் பேட்டர்னாக்க முடியுமா?

கோலத்தைப் போல இதற்கென்றே பிறந்தது வேறு இல்லை. 1974லேயே சென்னை கிறித்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும், கமலா கிருத்திவாசனோடு சேர்ந்து, கோலத்தைக் கணினி இலக்கணமாக எழுதிக் காட்டியிருக்கிறார்கள். வாசலில் போடும் அம்மா கையில் இருப்பது விதிகளின் தொகுப்பு என்பதை அந்த ஆய்வு உலகத்துக்குச் சொன்னது.

போட்டோ எடுக்க வேண்டாம். இங்க்ஸ்கேப் என்ற மென்பொருளில் கோடாக வரைந்து, எவ்வளவு பெரிதாக்கினாலும் மங்காத எஸ்.வி.ஜி. படமாகச் சேமியுங்கள். நேர்ப்புள்ளிக் கோலத்துக்கு டைல் சதுரம்: புள்ளிக்குப் புள்ளி இடைவெளி 40 பிக்சல் என்றால், டைலின் பக்கம் 40இன் மடங்காக இருக்க வேண்டும். ஊடுபுள்ளியில் ஒரு வரிசைப் புள்ளி அடுத்த வரிசை இடைவெளியின் நடுவில் விழுவதால், டைலுக்குள் இரண்டு வரிசை வந்தால்தான் முறை நிறையும். எல்லாப் புள்ளியும் சம தூரத்தில் இருக்க வேண்டுமென்றால் அகலத்துக்கும் உயரத்துக்கும் விகிதம் ஒன்றுக்கு மூன்றின் வர்க்கமூலம். 56க்கு 97 பிக்சல் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஏறக்குறைய மிகச் சரியாக வரும், முழு எண்ணாகவும் இருக்கும்.

சிக்குக்கோலத்தில் கோடு டைலின் ஓரத்தைக் கடக்கிற இடத்தில் தனிக் கவனம் வேண்டும். வலது ஓரத்தில் எந்த உயரத்தில், எந்தச் சாய்வில் வெளியேறுகிறதோ, இடது ஓரத்தில் அதே உயரத்தில் அதே சாய்வில் நுழைய வேண்டும். உயரம் சரியாக இருந்து சாய்வு மாறினால் கம்பியில் முறுக்கு விழுந்தது போல முனை தெரியும். ஓரத்தைக் கோடு செங்குத்தாகக் கடக்கும்படி அமைத்துவிட்டால் இந்தக் கவலையே இல்லை.

சமதளப் பரப்பை ஒரே வடிவத்தால் திரும்பத் திரும்ப நிரப்பும் சமச்சீர் முறைகள் மொத்தம் 17 என்று 1891இல் ஃபெடரோவ் என்ற ரஷ்ய அறிஞர் நிறுவினார். இங்க்ஸ்கேப்பின் டைல்டு க்ளோன்ஸ் பகுதியில் அந்த 17ம் இருக்கின்றன. ஒரு கோல மூலையை மட்டும் வரைந்து ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். ஒரு சாயங்காலம் போவதே தெரியாது.

படமே இல்லாமல் பேட்டர்ன் செய்யலாமா?

கோயில் மதிலின் காவியும் வெள்ளையுமான பட்டையை நினைத்துக்கொள்ளுங்கள். அதற்கு ஃபைலே வேண்டாம். ரிப்பீட்டிங் லீனியர் கிரேடியன்ட் என்று சி.எஸ்.எஸ்.ஸில் ஒரே வரி: 90 டிகிரி, பூஜ்யத்திலிருந்து 40 பிக்சல் வரை காவி, 40இலிருந்து 80 வரை வெள்ளை. பட்டை செங்குத்தாக நிற்கும். ஆனால் பக்கம் முழுக்க வேண்டாம். அவ்வளவு அழுத்தமான பட்டை கண்ணைக் கூசவைக்கும். தலைப்புக்குக் கீழே மெல்லிய கரையாக வைத்தால் ஊர்க்களை வந்துவிடும்.

டைல் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்?

கோலம், கட்டம் போன்றவற்றுக்கு ஓர் அலகு எவ்வளவோ அவ்வளவு. மணல், கல்லுக்கு 400இலிருந்து 600 பிக்சல் வரை வைப்பேன். அதற்குக் கீழே போனால் மறுபடி வருவது தெரிந்துவிடும். அடர்த்தியான போன் திரைகளுக்காக இரண்டு மடங்கு அளவில் செய்து, பேக்கிரவுண்ட் சைஸில் பாதியாகக் குறிப்பிடுங்கள். இரட்டைப்படை எண்ணாகவே வைத்தால் பாதிக்குப் பாதி நகர்த்தும்போதும் தொல்லையில்லை.

ஜே.பி.ஜி.யா, பி.என்.ஜி.யா?

நிறம் குறைவான பாய், ஓலை, கட்டம் என்றால் பி.என்.ஜி. நிறங்களை 16 ஆகவோ 32 ஆகவோ குறைத்து இன்டெக்ஸ்டு முறையில் சேமித்தால் ஆச்சரியப்படும் அளவுக்குச் சுருங்கும். மணல், கல் என்றால் ஜே.பி.ஜி. அல்லது வெப்-பி. ஜே.பி.ஜி. படத்தை 8க்கு 8 கட்டங்களாகப் பிரித்துச் சுருக்குகிறது, நிறத்துக்குப் பெரும்பாலும் 16க்கு 16. ஆகவே டைலின் அளவு 16இன் மடங்காக இருக்கட்டும்: 480, 512. ரொம்பவும் அழுத்திச் சுருக்கினால் நீங்கள் பாடுபட்டு மறைத்த தையல் கட்டக் கோடாகத் திரும்பி வரும். கோலத்துக்கு எஸ்.வி.ஜி. தவிர வேறு யோசிக்காதீர்கள்.

பேட்டர்ன் மேல் தமிழ் எழுத்து சரியாகப் படிக்க முடியவில்லையே, என்ன செய்ய?

இதுதான் என்னிடம் வருகிற கேள்விகளிலேயே முக்கியமானது. ஆங்கிலத் தளங்களைப் பார்த்துக் கற்றுக்கொள்கிறவர்களுக்கு இதற்கு அங்கே விடை கிடைக்காது.

நம் மெய்யெழுத்துக்குத் தலைமேல் புள்ளி. சாதாரண அளவில் அந்தப் புள்ளி திரையில் இரண்டு மூன்று பிக்சல்தான். பின்னணியிலும் அதே அளவில் புள்ளி இருந்தால் எது எழுத்தின் புள்ளி, எது பின்னணிப் புள்ளி என்று கண் தடுமாறும். 'பட்டம்' 'படடம்' ஆகத் தெரியும். இல்லாத இடத்தில் புள்ளி முளைக்கும். ஓலைச்சுவடியில் ஓலை பொத்துவிடும் என்று புள்ளி வைக்காமல் எழுதினார்கள். அதைப் பிரித்துப் படிக்கப் பதிப்பாசிரியர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. அச்சும் யூனிகோடும் வந்து தீர்த்துவைத்த சிக்கலை நாமே பின்னணி வழியாகத் திரும்பக் கொண்டுவர வேண்டியதில்லை. புள்ளி பேட்டர்ன், மணல் டெக்ஸ்சர் (பரப்பின் படம்) இரண்டையும் பத்தி எழுத்துக்கு நேர் கீழே வைக்காதீர்கள். சுழியும் வளைவும் நிறைந்த நம் எழுத்துக்குச் சிக்குக்கோலமும் அப்படித்தான். கோடும் எழுத்தும் பின்னிக்கொள்ளும். பாயின் மெல்லிய கிடைக்கோடு இவற்றைவிடப் பரவாயில்லை.

எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5க்கு 1 என்ற மாறுபாடு வேண்டும், பெரிய தலைப்புக்கு 3க்கு 1 போதும் என்பது உலக அளவில் ஏற்ற வரையறை. அளக்கும்போது பேட்டர்னின் சராசரி நிறத்தை எடுத்து அளந்து ஏமாறாதீர்கள். எழுத்து கருமை என்றால் பேட்டர்னில் மிகக் கருமையான இடத்தோடு அளங்கள்.

எழுத்துப் பகுதிக்கு மட்டும் ஒரே நிறப் பலகை வைத்து, பேட்டர்னை இரு ஓரத்திலும் தலைப்பிலும் அடியிலும் விடுவது எல்லாவற்றிலும் நல்ல வழி. மங்கலாக்கத்தான் வேண்டுமென்றால் அந்தப் பகுதியின் ஒப்பாசிட்டியை (ஒளி புகா அளவை) குறைக்க வேண்டாம். உள்ளே இருக்கும் எழுத்தும் சேர்ந்து மங்கும். பாதி ஒளி ஊடுருவும் ஒரு நிறத்தை கிரேடியன்ட்டாகப் படத்துக்கு மேல் அடுக்காகக் கொடுங்கள்.

"எங்க அண்ணாச்சி அல்வாக்கடைக்கு அல்வா போட்டோவையே பேட்டர்னா போடச் சொல்றாங்க. போடலாமா?"

அண்ணாச்சியிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். அல்வா பக்கத்தின் நாயகன். அது பின்னால் நூறு தடவை வந்தால் முன்னால் வைத்த அல்வாவை யார் பார்ப்பார்கள்? எண்ணெய்ப் பளபளப்பு ஒவ்வொரு டைலிலும் ஒரே இடத்தில் மின்னும்; அதுவும் மேலே சொன்ன கிளிஞ்சல் கதைதான். வாழையிலையின் நரம்புக் கோட்டையோ ஓலைப்பெட்டிப் பின்னலையோ மங்கலாகப் போட்டு, நடுவில் ஒரே ஒரு நல்ல அல்வா படம் வைத்துக் காட்டுங்கள். ஒத்துக்கொள்வார்.

போனில் ஜூம் செய்தால் டைலுக்கு நடுவே மெல்லிய வெள்ளைக் கோடு தெரிகிறது. ஏன்?

டைலின் அளவு முழு எண்ணாக இல்லை. 33.3 பிக்சல், சதவீதம் என்று கொடுத்திருப்பீர்கள். முழு எண்ணாக மாற்றுங்கள். எஸ்.வி.ஜி. என்றால், வடிவத்தை ஓரத்துக்கு வெளியே சற்று நீட்டி வரைந்துவிடுங்கள். பின்னணி நிறத்தையும் டைலின் நிறத்திலேயே வைத்தால் மிச்சம் மீதி இருந்தாலும் தெரியாது.

பின்னணி அசையாமல் எழுத்து மட்டும் நகர வேண்டும். ஐபோனில் வரவில்லையே?

பேக்கிரவுண்ட் அட்டாச்மென்ட்டில் ஃபிக்ஸ்டு என்பதை ஐபோன் சஃபாரி ஒழுங்காக ஆதரிப்பதில்லை. தனி அடுக்கு ஒன்றைத் திரையோடு நிலையாக நிறுத்தி, அதற்குப் பேட்டர்னைக் கொடுங்கள்.

ஊர்ப் பரப்புகளைப் படமெடுத்துப் பயன்படுத்த அனுமதி வேண்டுமா?

மணலுக்கும் உங்கள் வீட்டுத் தரைக்கும் யாரைக் கேட்க? கோயிலுக்குள் என்றால் அலுவலகத்தில் கேட்டே ஆக வேண்டும். தமிழகக் கோயில்களில் செல்போனுக்குத் தடை விதிக்கச் சொல்லி 2022 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டிருக்கிறது. மதிலை வெளியிலிருந்து பார்த்து நிறத்தை எடுத்துக்கொள்ளலாமே.

நெசவாளர் விஷயத்தில் நான் கண்டிப்பாக இருப்பேன். பத்தமடைப் பாய்க்குப் புவிசார் குறியீடு உண்டு. அந்தப் பெயரை வேறு பாய்க்குச் சூட்டக் கூடாது. உங்கள் டெக்ஸ்சருக்கு அந்தப் பெயரை வைக்கிறீர்கள் என்றால் உண்மையிலேயே அங்கே நெய்த பாயிலிருந்து எடுத்திருக்க வேண்டும். ஒருவர் யோசித்து நெய்த பூ வேலைப்பாட்டை அப்படியே எடுப்பதற்கு முன் அவரைக் கேளுங்கள், காசு கொடுங்கள், தளத்தில் ஊர்ப் பெயரும் அவர் விரும்பினால் அவர் பெயரும் போடுங்கள். கல்யாணப் பாயில் மணமக்கள் பெயர் நெய்திருக்கும். அந்தப் பகுதி படத்தில் வரவே கூடாது.

நெட்டில் இறக்குகிற டெக்ஸ்சர் என்றால் 'இலவசம்' என்ற சொல்லை மட்டும் நம்பாதீர்கள். படைத்தவர் தம் உரிமையை விட்டுக்கொடுக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமமான சி.சி. ஜீரோ என்று இருந்தால் வியாபாரத்துக்கும் தாராளமாக எடுக்கலாம். பாலி ஹேவன், ஆம்பியன்ட்-சி.ஜி. தளங்கள் இரண்டும் அந்த உரிமத்தில் தருகின்றன. சி.சி. பை என்றால் செய்தவர் பெயரைக் குறிப்பிட வேண்டும்.

கல்யாணப் பத்திரிகைப் பக்கத்தைப் பிரிண்ட் எடுத்தால் பேட்டர்ன் வரவில்லை. ஏன்?

மை மிச்சமாகட்டும் என்று பிரவுசர்கள் பின்னணியை இயல்பாகவே அச்சிடுவதில்லை. பிரிண்ட் எடுக்கும்போது பேக்கிரவுண்ட் கிராஃபிக்ஸ் என்பதை டிக் செய்தால் வரும். ஆனால் பத்திரிகையை வாங்குகிற எல்லாருக்கும் அது தெரிந்திருக்காது. அச்சுக்கென்று தனி சி.எஸ்.எஸ். எழுதி, அதில் எழுத்தைக் கறுப்பாக்கிவிடுங்கள்; முகூர்த்த நேரமும் மண்டபத்தின் பெயரும் வெள்ளைத் தாளில் காணாமல் போகாது.